தடைக்கால நாட்குறிப்பு: நங்கூரத்தில் கிடக்கும் படகுகள்

ஏப்ரல் 15, 2025, செவ்வாய்

நேற்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு எதுவும் தொழிலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்கான ஓய்வு இது. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். என் கவலையெல்லாம் மண்டபம் வடகடலில் நங்கூரம் போட்டுக் கிடக்கும் படகுகளைப் பற்றித்தான். படகு அப்பாவுடையது, கணக்கு வழக்கு என்னுடையது. அதனால் காணாமல் போகும் ஒவ்வொரு போல்ட்டும் என் நோட்டில்தான் வந்து நிற்கிறது.

பாக் நீரிணைக் கடல் எங்கள் கரையோரம் ஆழமில்லாதது. விசைப்படகைக் கரையோடு ஒட்டிக் கட்ட முடியாது. தள்ளி நிறுத்திவிட்டுச் வத்தை என்னும் சிறு துடுப்புப் படகில் போய் ஏற வேண்டும். இடையில் இருக்கும் அந்தத் தூரம் திருடனுக்கு நல்ல பாதுகாப்பு. இரவில் ஒருவன் வத்தையில் போனால், கரையில் இருப்பவர்களுக்கு அவன் நண்டு வலை பார்க்கப் போகும் ஆளாகவே தெரிவான்.

தடைக்காலத்தில் மட்டும்தான் இந்தப் பயம் என்றும் சொல்ல முடியாது. எங்கள் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது பழைய ஏற்பாடு. திங்கள், புதன், சனி தவிர மற்ற நாட்களில் எங்கள் படகுகள் சும்மாதான் கிடக்கின்றன. எந்த இரவில் எந்தப் படகில் ஆள் இருக்காது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். இப்போது ஆட்களும் இல்லை. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1ஆம் தேதிதான் தொடங்கும் என்பதால், தொழிலாளர்களில் பலர் கேரளத்துக்கும் மங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 19, சனி

இன்று அப்பாவும் டிரைவர் அண்ணனும் நானும் படகுக்குப் போனோம். ஜிபிஎஸ், மீன் கூட்டம் காட்டும் எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி மூன்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். டீசல் தொட்டியில் மிச்சமிருந்ததையும் கேனில் இறக்கியாயிற்று.

பேட்டரியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மரப்படகு சும்மா கிடந்தாலும் தண்ணீர் கசியும். அதை இறைக்கும் மோட்டார் பேட்டரியில்தான் ஓடுகிறது. திருட்டுக்குப் பயந்து பேட்டரியைக் கரைக்குக் கொண்டுவந்தால் படகு நீர் கோத்து உட்கார்ந்துவிடும். அங்கேயே விட்டால் அதுதான் முதலில் காணாமல் போகும். கையால் இறைப்பதென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆள் போக வேண்டும். கடைசியில் ஒரு பேட்டரியை மட்டும் விட்டுவைத்தோம்.

விட்டுவைத்ததைச் சும்மா விடவில்லை. லேத் பட்டறையிலிருந்து எண் குத்தும் அச்சு வாங்கிப் போயிருந்தேன். எங்கள் படகின் பதிவு எண்ணை பேட்டரித் தட்டிலும், எஞ்சின் அடித்தாங்கியிலும், சுக்கான் இரும்பிலும் அண்ணன் குத்திக் கொடுத்தார். எஞ்சினில் உற்பத்தியாளர் பொறித்த எண்ணைத் துடைத்துப் படமெடுத்துக்கொண்டேன். பேட்டரி மேல்மூடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதினோம். ஒட்டுத்தாளைக் கிழித்துவிடலாம், உருகிய எழுத்தை மறைக்க மூடியையே உடைக்க வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

நேற்று அமாவாசை. மூன்று படகு தள்ளிக் கிடந்த ஒரு படகில் இரண்டு பேட்டரியும் போய்விட்டது. அதைவிடக் கெட்ட செய்தி இன்னொன்று. அதற்கு அடுத்த படகின் நங்கூரச் சங்கிலிக்காகக் கயிற்றை அறுத்திருக்கிறார்கள். படகு பிடிப்பில்லாமல் தெற்குக் காற்றில் வடக்கே நகர ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் நாட்டுப்படகுக்காரர்கள் பார்த்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பார்த்திருக்காவிட்டால் ஆளில்லாத படகு நடுக்கடலுக்குப் போயிருக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் அதை மீட்க எத்தனை ஆண்டு ஆகுமென்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் பிடிபட்டுத் துறைமுகங்களில் கட்டிக்கிடந்த நம் படகுகள் மட்கிப்போயின. 2022 பிப்ரவரியில் பல படகுகளை அங்கே ஏலத்திலும் விட்டார்கள். கடலடியை வாரி இழுக்கும் எங்கள் இழுவைமடி வலையால் அங்குள்ள தமிழ் மீனவர்களின் வலைகள் நாசமாகின்றன என்ற அவர்களுடைய குறையும் உண்மை, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சங்கிலிக்காக ஒருவன் கத்தி வைத்ததால் ஒரு குடும்பத்தின் படகு அந்தச் சிக்கலில் போய் விழுவதை எப்படி ஏற்பது?

முதலில் ‘கயிறு தேய்ந்து அறுந்திருக்கும்’ என்றுதான் சிலர் சொன்னார்கள். முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேய்ந்து அறுந்த நைலான் கயிற்றில் ஒவ்வொரு புரியும் வெவ்வேறு நீளத்தில் பிய்ந்து, நுனி நார் நாராகப் பிரிந்து நிற்கும். இதில் மூன்று புரியும் ஒரே மட்டம். நடுப்புரியில் மட்டும் ஒரு சிறு படி தெரிந்தது. கத்தி அந்த இடத்தில் நின்று, மறுபடி இழுபட்டிருக்கிறது. அந்த முனையை அப்படியே வெட்டி, பையில் போட்டுப் படகு உரிமையாளரிடம் கொடுத்தேன். புகாரோடு அதையும் கொடுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 30, புதன்

புகார் கொடுக்கப் போனவர்களோடு நானும் போனேன். முதலில் போன காவல் நிலையத்தில், சம்பவம் கடலில் நடந்ததால் தங்கள் எல்லையில் வராது என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. அதைச் சொன்ன பிறகு மனு ஏற்பு ரசீது கிடைத்தது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கும் அழைத்துச் சொன்னோம்.

‘போனது போகட்டும், பேட்டரிக்காகக் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமா?’ என்று கேட்கும் உரிமையாளர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் கெஞ்சியே சொல்கிறேன், அலையுங்கள். இந்தக் கரையிலிருந்து பீடி இலையும் மஞ்சளும் கடல் அட்டையும் கடத்தப்படுவது அடிக்கடி செய்தியாக வருகிறது. உங்கள் எஞ்சினோ படகோ அப்படி ஒரு வழக்கில் பிடிபட்டால், பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு உங்கள் கையில் அந்த ரசீது இருக்க வேண்டும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது குஜராத்தின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகில். அதைக் கடலில் கைப்பற்றி, தண்டேலை, அதாவது படகை ஓட்டிய தலைவரை, கொன்றுவிட்டு வந்தார்கள். படகின் மீது இவ்வளவு சோதனையும் அடையாள அட்டையும் அதன் பிறகு வந்தவைதான்.

மே 4, ஞாயிறு

கோடியக்கரை அருகே நாகை மாவட்ட மீனவர்களைக் கடற்கொள்ளையர்கள் தாக்கி, கருவிகளைப் பறித்துச் சென்ற செய்தி இரண்டு நாளாகப் பேச்சாக இருக்கிறது. பலருக்கு வெட்டுக்காயம். சின்னப் படகில் போய் வயிறு கழுவுகிறவர்கள். வேறெதுவும் எழுத இன்று மனமில்லை.

மே 8, வியாழன்

பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்வந்தேன். திருடனைப் பிடிப்பதற்காக இல்லை, பேட்டரி எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக. ஒரு கடையின் பின்பக்கம் பேட்டரிகள் அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் ஒட்டுத்தாள் இல்லை. சிலவற்றில் எண் இருந்த இடம் மட்டும் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு வெளுத்திருந்தது.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். “தங்கச்சி, கொண்டுவருகிறவனிடம் ரசீது கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். நான் நல்லவனாக இருந்து என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளவா?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புதிய பேட்டரி ஒன்று 15,000 ரூபாய்க்கு மேல். திருடியவனுக்குக் கிடைப்பதோ காரீயத்தின் எடைக்கான விலை. அந்தச் சில ஆயிரத்துக்காக, தடை முடிந்ததும் ஒரு படகு கடலுக்குப் போக முடியாமல் நிற்கும். படகில் பங்குக்குப் போகும் ஐந்தாறு பேர் வீட்டில் அடுப்பு எரியாது. பூட்டையும் காவலையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வாங்க ஆள் இருக்கும்வரை, 30 கிலோ எடையை வத்தையில் ஏற்றிக் கரைசேர்க்க ஒருவன் துணிவான். வாங்குகிற இடத்தில் கேள்வி வந்தால் அந்தச் சுமையை எங்கே கொண்டுபோவான்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. அதைக் கடை வாசல்வரை கொண்டுபோகத்தான் யாரும் இல்லை.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. வெளிச்சம் இருந்ததால் அப்பா என்னையும் இரவுக் காவலுக்கு அழைத்துப் போனார்.

காவலுக்கு இருக்கும் மாமாவுக்கு எழுபது வயதுக்கு மேல். டார்ச் அடிக்கவே மாட்டார். “நான் விளக்கைப் போட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத்தான் தெரியும் அம்மா,” என்றார். பக்கத்துப் படகுகளில் ஏறும் இடத்தில், முழங்கால் உயரத்துக்குத் தங்கூசி என்னும் தூண்டில் நரம்பைக் கட்டி, முனையில் நட்டுகள் போட்ட பால் டின் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். காற்றுக்கு ஆடாத அளவுக்கு டின்னைப் பலகையில் சாய்த்து வைத்திருக்கிறார். கால் பட்டால்தான் சரியும். சரிந்தால் கடல் முழுக்கக் கேட்கும். துடுப்புச் சத்தத்தில் ஆளை அடையாளம் சொல்கிறார். நண்டு வலைக்காரன் இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்திப் போவானாம். நோட்டம் பார்க்க வருகிறவன் நிறுத்தாமல் ஒரே சீராகப் போவானாம்.

இவருக்கு ஒரு இரவுக்கு நாங்கள் கொடுக்கும் கூலியை எழுத எனக்கு மனம் கூசுகிறது. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன்.

மே 18, ஞாயிறு

விசைப்படகுச் சங்கக் கூட்டம். கேமரா வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு பிடிவாதமாக நின்றது. கரையில் வைத்த கேமராவுக்கு இருட்டில் அவ்வளவு தூரத்தில் வத்தை ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் பணத்தை இரண்டு பேர் காவல் கூலிக்குக் கொடுக்கலாம் என்றேன். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் மாமாவின் கூலி உயர்ந்தது, துணைக்கு ஒரு இளைஞரும் சேர்ந்தார். படகுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறோம். கேமராப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போயிற்று.

படகுகளை நாலைந்தாகச் சேர்த்துக் கட்டுவது பற்றி அப்பா சொன்னார். ஒரு படகில் கால் வைத்தால் எல்லாம் ஆடும், காவலுக்கும் ஒரே ஆள் போதும். ஆனால் காற்று எழும்பினால் ஒன்றோடொன்று இடித்து விளிம்புப் பலகை பெயரும். இடையில் பழைய டயர் போடாதவர்கள் சேர்த்துக் கட்டக் கூடாது என்று முடிவானது. படகின் முன்பகுதியான அணியத்திலிருந்து நீர்மட்டத்துக்குக் கீழே வரைக்கும் கயிற்றுக்குப் பதில் சங்கிலி போடும் யோசனையும் நல்லது. செலவுதான் பலருக்குத் தடை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று: எல்லாப் படகின் எஞ்சின், பேட்டரி, ஜிபிஎஸ் எண்களும் ஒரே பதிவேட்டில் வேண்டும், அதன் நகல் ஒவ்வொரு பழைய இரும்புக் கடையிலும் இருக்க வேண்டும். விற்க வருகிறவர் பெயரையும் கைபேசி எண்ணையும் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டார்கள்.

மே 29, வியாழன்

படகைக் கரையேற்றி வர்ணம் அடிக்கிறோம். கரையேற்றிய படகில் புரொப்பல்லர் வெளியே தெரியும். வெண்கலம் என்பதால் திருடர்களுக்கு அதன் மீதும் கண் இருக்கிறது. நட்டை வெல்டிங் வைத்துவிடலாம் என்றார் ஒருவர். கடலில் வலை சுற்றிக்கொண்டால் பிறகு கழற்ற வழியில்லாமல் போகும், அதனால் வேண்டாம் என்றார் அண்ணன். கழற்றி வீட்டுக் கட்டிலின் அடியில் வைத்திருக்கிறோம். புரொப்பல்லரின் நடுக்குடத்திலும் நம் எண்ணைக் குத்தியாயிற்று.

ஜூன் 12, வியாழன்

14ஆம் தேதி நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ், டீசல், கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் என்று ஊர் சுறுசுறுப்பாகிவிட்டது. பேட்டரி பறிகொடுத்தவர் வட்டிக்கு வாங்கிப் புதிது போட்டிருக்கிறார். திருடு போனது கிடைக்கவில்லை. தொழிலாளர்களுக்குத் தடைக்கால முடிவில் கொடுக்கும் முன்பணத்தை அவர் இந்த ஆண்டு பாதியாகக் குறைத்துவிட்டார். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

பதிவேட்டுக்கு இரண்டு கடைக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். அன்றைக்கு என்னிடம் பேசியவர் அவர்களில் ஒருவர். “எல்லாக் கடையும் கேட்டால் நானும் கேட்கிறேன்” என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். மூன்றாமவர் மறுத்துவிட்டார். இனி சங்க உறுப்பினர் யாரும் பழைய இரும்பை அவரிடம் போடுவதில்லை என்று தீர்மானம். படகுக்காரர்களின் பழைய சங்கிலியும் கம்பியும் போகாவிட்டால் அவர் வியாபாரத்தில் பாதி நின்றுவிடும். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம்.

பதிவேட்டில் இன்னும் எண் தராத படகுகள் சில இருக்கின்றன. நாளை மாலைக்குள் எஞ்சின் எண்ணையும் பேட்டரி எண்ணையும் படமெடுத்துச் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை மீன்வளத் துறை அலுவலகத்தில் பட்டியலின் நகலைக் கொடுக்கப் போகிறோம்.