காந்தளூர் ஆப்பிளும் அக்கா மகனின் ஒயினும்

கேரளத்துக் காந்தளூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆப்பிள் மரம் இந்த ஆடியில் நன்றாகக் காய்த்தது. போட்டோ போட்டதுதான் தாமதம், அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டுவிட்டான்.

"மாமா, ஒயின் போடுங்க!"

அவன் தோட்டத்துக்கே போய் சைடர் வாங்கி வந்து போடுகிறவன். அங்கே சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, போதை கிடையாது. கெடாமலிருக்கப் பொட்டாசியம் சார்பேட் கலந்த சாறு என்றால் தொடமாட்டான், புளிக்கவைக்கும் ஈஸ்ட் அதில் பெருகாது. நாலு லிட்டருக்கு அரைக் கிலோ சர்க்கரை, ஒரு பாக்கெட் ஒயின் ஈஸ்ட். முதல் தடவை ஜாடியைக் கழுத்து வரை நிரப்பிவிட்டான். மறுநாள் நுரை பொங்கி வழிந்து கார்பெட் முழுக்கப் பிசுபிசு, அறையெல்லாம் புளித்த மாவு வாடை. இப்போது நாலு விரல் இடம் விடுகிறான். குமிழி அடங்கியதும் வண்டல் கலங்காமல் இறுத்து, தெளியும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் நமக்கு ஆகாது.

அங்கே ஓர் ஆள் சொந்த உபயோகத்துக்கு வருஷம் 100 கேலன் வரை வரியில்லாமல் செய்யலாம், கிட்டத்தட்ட 378 லிட்டர்! இங்கே கேரளாவில் அப்காரி சட்டம், அதாவது மதுவிலக்கு ஆயத்தீர்வைக்காரர்களின் மதுச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஜாடியை மூடி வைத்தால் எக்சைஸ்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் பாதி ஊரே இதை மறந்துவிடும் என்பது வேறு கதை.

அது கிடக்கட்டும். மரத்தில் தேறியதே மூன்று கிலோ, பிழிந்தால் ஒன்றரை லிட்டர். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரி மறையூர் வெல்லம் தட்டிப் போட்டு ஜாம் கிளறிவிட்டாள்.