கிளைப் பாதையில் ஒரு வேலை

2024 ஜனவரி 15, ஆக்ரன், ஒஹையோ

பொங்கல் வாழ்த்து சொல்ல மாமாவைக் கூப்பிட்டேன். பொன்மலை ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இங்கே ரயிலில் வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்றதும், “நோட்டிஃபிகேஷன் எப்ப மாப்ள? பரீட்சை எப்ப?” என்றுதான் முதலில் கேட்டார்.

பொதுப் பரீட்சை என்று ஒன்று இங்கே இல்லை என்று புரியவைக்க நேரம் பிடித்தது. அமெரிக்காவில் சரக்கு ரயில் பெரும்பாலும் தனியார் கையில்தான். பெரியவை ஆறு: யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப், சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன், கனேடியன் நேஷனல், கனேடியன் பசிபிக் கான்சாஸ் சிட்டி. அதற்குக் கீழே வட்டார ரயில்கள், உள்ளூர் ரயில்கள் என்று சுமார் 600 சிறு கம்பெனிகள். சில நூறு கிலோமீட்டர் பாதை உள்ளவையும் உண்டு, ஒரு ஆலையையும் ஒரு ஜங்ஷனையும் மட்டும் இணைப்பவையும் உண்டு. இந்தச் சிறியவை எல்லாம் சேர்த்தால் நாட்டின் பாதையில் ஏறக்குறைய 30 சதவீதம். “அப்ப பெரிய ஆத்துலேர்ந்து வயலுக்குப் போற வாய்க்கால்னு சொல்லு” என்றார் மாமா. அதேதான்.

பெரிய கம்பெனி ஒன்றுக்கு இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தேன். “வேறு நபர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்” என்று இயந்திரம் எழுதிய மெயில்தான் வந்தது. இனி வாய்க்கால் பக்கமே தேடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

2024 ஜனவரி 28

எந்தப் பாதை யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சாலை தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வொரு கேட்டிலும் சின்ன நீலப் பலகை இருக்கும். வண்டி தண்டவாளத்தில் சிக்கினால் கூப்பிட வேண்டிய அவசர எண், அந்தக் கேட்டின் அடையாள எண், ரயில் கம்பெனியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எண் அவசரத்துக்கு மட்டும்தான், வேலை கேட்க அதில் கூப்பிடக் கூடாது. எனக்கு வேண்டியது பெயர்.

இன்று மனைவி வித்யாவுடன் கேன்டன், மாசிலன் பக்கம் காரில் சுற்றினேன். நான் பலகையைப் படிக்க, அவள் நோட்டில் எழுதினாள். பாதை ஓரத்தில் சரக்கு எடுக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டோம்: தானியக் கிடங்கு, மரக்கடை, பிளாஸ்டிக் குருணை இறக்கும் ஆலை, இரும்புச் சுருள் வைக்கும் கொட்டகை. தண்டவாளத்தின் மேற்பரப்பு பளபளவென்று இருந்தால் ரயில் அடிக்கடி ஓடுகிறது, துருப்பிடித்திருந்தால் எப்போதாவது ஓடுகிறது. எந்தக் கம்பெனியில் வேலைக்கு வழி இருக்கும் என்பதற்கு, எனக்குக் கிடைத்த விளம்பரங்களைவிட இது நம்பகமான தகவல்.

2024 பிப்ரவரி 11

இந்தச் சின்ன கம்பெனிகள் எங்கிருந்து வந்தன என்று வாரம் முழுக்கப் படித்தேன். படிக்காமல் போனால் யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாது.

1980இல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தது. அதுவரை கட்டணம் வைக்கவும் பாதையை விடவும் பெரிய கம்பெனிகளுக்கு அரசின் கட்டுப்பாடு அதிகம். சட்டத்துக்குப் பிறகு லாபம் தராத கிளைப் பாதைகளை அவை விற்கத் தொடங்கின, வாங்கியவர்கள் சிறு கம்பெனி தொடங்கினார்கள். அதே 1980இல் ராக் ஐலண்ட் என்ற ரயில் கம்பெனி மூடப்பட்டது. அதன் சிகாகோ–கவுன்சில் பிளஃப்ஸ் தடத்தில் 1984இல் அயோவா இன்டர்ஸ்டேட் என்ற கம்பெனி பிறந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ப்ரூஸ்டர் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட வீலிங் அண்ட் லேக் ஈரி, 1990இல் நார்ஃபோக் சதர்ன் விட்ட பாதைகளில் தொடங்கியது. ஜெனசி அண்ட் வயோமிங் மட்டும் பழையது. 1899இல் நியூயார்க் மாநிலத்தில் 14 மைல் உப்பு ரயிலாக ஆரம்பித்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன ரயில்களை வைத்திருக்கிறது. 2008இல் ஒஹையோ சென்ட்ரலையும் வாங்கியது. அதை விற்ற ஜெர்ரி ஜேக்கப்சன் அந்தப் பணத்தில் சுகர்க்ரீக்கில் நீராவி எஞ்சின்களுக்கு வட்டக் கொட்டகை கட்டினார். ஒரு விடுமுறையில் போய்ப் பார்க்க வேண்டும்.

வேலை தேடுபவனுக்கு இதில் முக்கியம், பாதை யார் கையில் என்பது. பெரிய குழுமத்தின் கையில் இருந்தால் அவர்கள் இணையதளத்தில் ஊர்வாரியாகக் காலியிடம் போடுவார்கள். ஒரு குடும்பத்தின் கையில் இருந்தால் எங்கும் போட மாட்டார்கள். நாமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

இன்னொன்றும் புரிந்தது. இப்போதைய சரக்கு வேகன் நிறைந்தால் 286,000 பவுண்டு, கிட்டத்தட்ட 130 டன். பழைய மெல்லிய தண்டவாளத்துக்கு அது தாங்காது. பல கிளைப் பாதைகளில் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது. பாதையைச் செப்பனிடச் சின்ன கம்பெனிகளுக்கு வரிச் சலுகை இருக்கிறது: செலவில் 40 சதவீதம், மைலுக்கு 3,500 டாலர் வரை. 2020 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். ஸ்லீப்பர் கட்டை மாற்றத் தெரிந்தவனுக்கு இந்தக் கம்பெனிகளில் எப்போதும் வேலை இருப்பதற்கு இதெல்லாம் ஒரு காரணம்.

2024 பிப்ரவரி 24

போன் செய்யத் தொடங்கினேன். குடும்பக் கம்பெனி ஒன்றில் போனை எடுத்த அம்மாதான் அங்கே பில் போடுபவர், வேகன் கணக்குப் பார்ப்பவர், சம்பளம் போடுபவர். வேலை இல்லை என்றுதான் ஆரம்பித்தார். உங்கள் பாதையில் இருக்கும் தானியக் கிடங்கைப் பார்த்தேன், அறுவடைக் காலத்தில் ஆள் கூடுதலாக வேண்டியிருக்குமா என்று கேட்டதும் பேச்சு நீண்டது. “ரயில் அனுபவம் இல்லாவிட்டால் பரவாயில்லை. காலை ஐந்து மணிக்குப் பனியில் வந்து நிற்பவரா என்பதுதான் எங்கள் கவலை” என்றார். மேலாளருக்கு நேரில் கொடுக்கச் சொல்லி விண்ணப்பத் தாள் அனுப்பினார்.

2024 மார்ச் 9

பழைய பயோடேட்டாவில் கணினிப் படிப்பு முதலில் இருந்தது. அதைக் கீழே தள்ளிவிட்டு, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியது, இரவு ஷிப்ட், விபத்தில்லாத பதிவு, ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு இதையெல்லாம் மேலே வைத்தேன்.

கிடங்கில் கூட வேலை செய்பவரின் அப்பா முன்னாள் கண்டக்டர். இங்கே சரக்கு ரயிலில் கண்டக்டர் என்றால் நம்மூர் கார்டும் பாயின்ட்ஸ்மேனும் சேர்ந்த ஆள். வேகன்களைக் கோர்ப்பது, கழற்றுவது, ரயில் தடம் பிரியும் இடத்தில் பாயின்ட்ஸ் மாற்றுவது, சரக்கு விவரத் தாள் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர். போன் எப்போது அடிக்கும் என்று தெரியாது, அடித்தால் இரண்டு மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும், வெளியூர் ஹோட்டலில் தூங்க வேண்டும். “மகள் வளர்ந்ததைப் பார்க்கவில்லை” என்றார். சின்ன ரயிலில் சம்பளம் குறைவு, ஆனால் பெரும்பாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. நான் முடிவெடுக்க இது போதும்.

“ஏங்க, பென்ஷன் உண்டா?” என்றாள் வித்யா. உண்டு. ரயில் தொழிலாளர்கள் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசின் பொது ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாக ரயில்வே ஓய்வூதிய வாரியத்தில் சேருகிறார்கள், சின்ன கம்பெனி ஆட்களும்தான். ஐந்து வருடம் முடித்தால் ஓய்வூதிய உரிமை வந்துவிடுகிறது, துணைவருக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. 30 வருடம் முடித்தவர் 60 வயதில் முழுத் தொகையோடு போகலாம். எனக்கு 38 ஆகிவிட்டதால் அந்தக் கணக்கு ஒத்துவராது, மற்றதெல்லாம் ஒத்துவரும்.

2024 மார்ச் 22

போனில் பேசிய அந்தக் குடும்பக் கம்பெனியில் நேர்காணல். அலுவலகம் ஒரு பழைய ஸ்டேஷன் கட்டடம். மேலாளர் கால் மணி நேரம் பேசிவிட்டு, “வாங்க, யார்டுக்குப் போகலாம்” என்றார். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை கொடுத்தார். தண்டவாளத்தின் தலையில் கால் வைக்கக் கூடாது, வழுக்கும், தாண்டித்தான் போக வேண்டும். எந்தத் தடத்திலும், எந்த நேரத்திலும், எந்தத் திசையிலிருந்தும் ரயில் வரலாம் என்று எண்ணியே நடக்க வேண்டும். இரண்டையும் அவர் சொல்லும் முன்பே செய்தேன் என்பதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

தானியம் ஏற்றும் ஹாப்பர் வேகனின் ஏணியில் ஏறச் சொன்னார். இரண்டு கை, ஒரு கால், அல்லது இரண்டு கால், ஒரு கை. எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும். மேலே கைப்பிரேக் சக்கரத்தை இறுக்கினேன். தோள் வலு மட்டும் போதாது, நிற்கும் நிலையும் சரியாக இருக்க வேண்டும். அப்புறம் வேகன்களைக் கோர்க்கும் கப்ளிங் பக்கம் கூட்டிப்போனார். அதன் பூட்டுத் துண்டு மட்டும் 80 பவுண்டு, உடைந்தால் தூக்கிப்போய் மாற்ற வேண்டியது கண்டக்டர்தான்.

இரண்டு வேகனுக்கு நடுவே போக வேண்டுமானால் முதலில் ரேடியோவில் எஞ்சின் ஓட்டுநரிடம் பாதுகாப்புக் கேட்க வேண்டும். அவர் பிரேக் போட்டு, திசைக் கைப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சினின் இழுவைச் சக்தியைத் துண்டிக்கும் ஜெனரேட்டர் ஃபீல்டு சுவிட்சை அணைத்து, மூன்றும் ஆயிற்று என்று பதில் சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். இதைச் சொல்லும்போது மேலாளரின் குரலே மாறியது. “ரயிலின் கடைசியில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். அப்போதும் இதைச் செய்வீர்களா?” என்று கேட்டார். கிடங்கில் கன்வேயரைச் சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை அணைத்து என் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வேன், இரவு ஷிப்டில் மேஸ்திரி இல்லாதபோதும் அப்படித்தான் என்றேன். நேர்காணலில் அவர் எழுதிக்கொண்ட பதில் இது ஒன்றுதான்.

இங்கே ஒருவருக்கு ஒரே வேலை இல்லை. காலையில் ஸ்லீப்பர் மாற்றுவார், மதியம் ரயிலில் போவார். ஆனால் தண்டவாள வேலை நேரமும் சட்டம் சொல்லும் 12 மணி நேர வரம்பில் சேரும், அதன்பின் 10 மணி நேரம் தொந்தரவில்லாத ஓய்வு கொடுத்தாக வேண்டும். இதை நான் கேட்காமலே சொன்னார். அந்த ஆளை நம்பலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

2024 ஏப்ரல் 3

ரயிலில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்ற இறுதி விதியை மத்திய ரயில் நிர்வாகம் நேற்று அறிவித்தது. சில சின்ன ரயில்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஒஹையோவிலேயே ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் 2023 பிப்ரவரியில் நடந்த தடம்புரளல் இந்தப் பக்கத்தில் இன்னும் எல்லோருடைய பேச்சிலும் இருக்கிறது. சூடேறிய ஒரு சக்கரத் தாங்கியால் வந்தது அது. நீளமான ரயிலில் கீழே இறங்கி நடந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2024 ஏப்ரல் 8

முழு சூரிய கிரகணம். மதியம் மூன்றே கால் வாக்கில் ஆக்ரன் இருண்டது, மகள் கத்திக் கூத்தாடினாள். வீட்டுக்குள் வந்து மெயிலைத் திறந்தால் வேலை உத்தரவு! மருத்துவச் சோதனையில் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு.

2024 ஏப்ரல் 19

சோதனை முடிந்தது. கண்ணாடியோடோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 20/40 பார்வை, சிக்னல் நிறங்களைப் பிரித்தறிதல், காது கேட்கும் திறன், அப்புறம் சிறுநீரில் போதைப்பொருள் சோதனை. ஒஹையோவில் கஞ்சா கடந்த டிசம்பர் முதல் பெரியவர்களுக்குச் சட்டப்படி செல்லும். ரயில் வேலைக்கு அது எடுபடாது, மத்திய விதிதான். விண்ணப்பிக்க நினைக்கும் இளைஞர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 மே 12

எல்லாம் தேறியது. நாளை காலை ஆறு மணிக்கு விதி வகுப்பு. புத்தகத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். நீலக் கொடி பற்றிய பகுதியை இரண்டாம் முறை படிக்கிறேன்: வேகனுக்கு அடியில் ஆள் வேலை செய்யும்போது நீலக் கொடி வைப்பார்கள், வைத்த குழுவைச் சேர்ந்தவர்தான் அதை எடுக்கலாம், மேலாளரே வந்தாலும் எடுக்க முடியாது.

வகுப்பு முடிந்ததும் அனுபவமுள்ள கண்டக்டரோடு போய்ப் பழக வேண்டும், பிறகு தேர்வு, அதில் தேறினால் மத்திய விதிப்படி கண்டக்டர் சான்றிதழ் அட்டை. அது கைக்கு வரும்வரை ரயிலை என் பொறுப்பில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. நடுவில் ஆள் குறைந்த நாட்களில் தண்டவாளக் குழுவோடு போகச் சொல்லியிருக்கிறார்கள். நான் பலகை பார்த்துப் பெயர் குறித்த அதே பாதையில் இந்தக் கோடையில் ஸ்லீப்பர் மாற்றப்போகிறார்களாம். அந்தக் குழுவில் என்னைப் போட முடியுமா என்று நாளை கேட்பேன்.