மார்ஃபினுக்காக மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்தல்

முற்றிய புற்றுநோயின் வலியைத் தணிக்க, நோயாளியின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையில் பணிபுரியும் எங்களுக்கு வாய்வழி மார்ஃபின் அளவுக்கு எளிதும் மலிவுமான மருந்து வேறில்லை. அதற்கு மூலமான அபினிப் பயிர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் அரசு உரிமத்தோடு விளைகிறது. இருந்தும், 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், மார்ஃபின் வாங்க விரும்பும் மருத்துவமனை வெவ்வேறு துறைகளிடம் நான்கைந்து உரிமங்களை, அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாகும்படி, பெற்றிருக்க வேண்டியிருந்தது. கணக்குப் பிழைக்கும் சிறை என்ற அச்சத்தில் பல மருந்தகங்கள் அதை இருப்பு வைப்பதையே கைவிட்டன. 1997-க்குள் நாட்டில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த உரிமச் சிக்கலை நீக்கியது. கேரளத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவரோடு உழைத்தவர்களும் பல ஆண்டுகள் அதிகாரிகளையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் சந்தித்து, சட்டத்தின் எந்த ஏற்பாடு நோயாளியை மருந்திலிருந்து பிரிக்கிறது என்று சுட்டிக்காட்டியதன் பயன் அது. அரசியலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தயங்கும் இளைய மருத்துவர்கள், அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-இல் தோற்றுவித்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நானும் சக மருத்துவர்களும் சந்தித்த மக்கள் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, இளைஞர்கள் இதற்கு அடிமையாகிவிட மாட்டார்களா என்பதுதான். போதையால் பிள்ளையை இழந்த தாய்மார்களைத் தம் தொகுதியில் நாள்தோறும் பார்ப்பவரின் கேள்வி அது. அதை அறியாமை என்று ஒதுக்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு மாத்திரையும் யாருக்கு, எப்போது கொடுக்கப்பட்டது என்று காட்டும் பதிவேட்டை நோயாளிகளின் பெயரை மறைத்து விரித்து வைத்தால், அவரது முகத்தில் இறுக்கம் தளர்வதைக் காணலாம். நோயாளியைப் பராமரித்த உறவினர் ஒருவர், தாமே விரும்பி உடன் வந்து பேசினால், எங்கள் விளக்கங்களைவிட அது ஆழமாகப் பதிகிறது. கோரிக்கை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவும் அந்தப் பிரதிநிதியின் கையிலுள்ள அதிகாரத்துக்குள் அடங்க வேண்டும். மத்தியச் சட்டத்தைத் திருத்துமாறு சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதில் பொருளில்லை. மருத்துவத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில், தம் மாவட்டத்தின் எத்தனை அரசு மருத்துவமனைகள் மார்ஃபின் வழங்கும் அங்கீகாரம் பெற்றுள்ளன என்று அவரால் கேட்க முடியும். அப்படிக் கேட்கப்படும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்; பதிலுக்காகத் துறை தன் கோப்புகளைத் தேடியாக வேண்டும்.

சட்டம் திருந்திய பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. 2015-இன் விதிகள் மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு ஒரே நடைமுறையை வகுத்தாலும், அங்கீகாரம் பெறும் நிறுவனத்தில் வலி தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் இடமாற்றலில் சென்றுவிட்டால், அங்கீகாரம் ஏட்டில் இருக்க, நோயாளி வலியோடு திரும்புகிறார். எனவே இப்போது நாங்கள் எடுத்துச் செல்லும் கோரிக்கை, அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் குறைந்தது இரு மருத்துவர்களுக்காவது இப்பயிற்சி அளிக்க நிதி ஒதுக்க வேண்டும் என்பதே.