ஒரு மில்லிமீட்டருக்குள்

நெருங்கிய உறவினர் ஒருவரின் பயாப்சி அறிக்கையை அண்மையில் படிக்க நேர்ந்தது. அவருடைய முதுகில் இருந்த கரும்புள்ளி எவ்வளவு அகலம் என்பதே எங்கள் கவலையாக இருந்தது. மருத்துவரோ 'ப்ரெஸ்லோ ஆழம் 0.6 மி.மீ.' என்ற வரியைத்தான் முதலில் தேடினார். தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோயான மெலனோமா தோலுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கூறும் இந்த அளவை 1970இல் அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ முன்வைத்தார்.

ஆழத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? மேல்தோலில் இரத்தக் குழாய்களும் இல்லை, நிணநீர் நாளங்களும் இல்லை. அதன் அடியிலுள்ள மெல்லிய சவ்வைத் துளைத்து உட்தோலை அடையும் வரை, புற்றுச் செல்கள் வேறிடம் செல்ல வழியே கிடையாது.

தொடக்கம் பெரும்பாலும் வெயிலில்தான். புற ஊதாக் கதிர்கள் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள காரங்களை, அதாவது மரபுச் செய்தியின் எழுத்துகளை, தவறாகப் பிணைத்துவிடுகின்றன. செல் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட்டாலும், தப்பிய பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பி53 போன்ற காவல் மரபணுக்களையே ஒருநாள் முடக்கிவிடுகின்றன. தோல் புற்றுநோய்களில், மேல்தோலின் அடியடுக்கில் தோன்றும் அடிச்செல் புற்றுநோய் அருகிலுள்ள திசுவை அரிக்குமே தவிர, மிக அரிதாகவே தொலைவுக்குப் பரவும். மேல்தோலின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள்செல் புற்றுநோய் அதைவிடச் சற்று ஆபத்தானது.

மெலனோமாவின் இயல்பு வேறு. கருவளர்ச்சியின்போது நரம்பு முகடு என்ற கருத்திசுவிலிருந்து புறப்பட்டு, நெடுந்தொலைவு நகர்ந்து தோலுக்கு வந்து சேர்ந்தவை நிறமிச் செல்கள். அந்தப் பழைய நடமாட்டத் திறனே புற்றான பின் மீண்டும் தலைதூக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அண்டைச் செல்களோடு தம்மைப் பிணைத்திருக்கும் புரதத்தை இழந்து, முதலில் பக்கவாட்டிலும் பிறகு கீழ்நோக்கியும் அவை வளர்கின்றன. (வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் கூட மெலனோமா வரும், பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் அது தொடங்கியது.)

உட்தோலை அடைந்த செல்கள் பெரும்பாலும் நிணநீர் வழியாக அருகிலுள்ள நிணநீர்க் கணுவில் முதலில் தங்கும். நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவை அடுத்த இடங்கள். சில, இரத்தம் வழியாக நேரடியாகவே அங்கு போய்விடுவதும் உண்டு.

ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறைவு, மேற்பரப்பில் புண்ணும் இல்லை என்பதால், கணுவைச் சோதிக்கத் தேவையில்லை என்று சொன்ன மருத்துவர், தழும்பைச் சுற்றி 1 செ.மீ. தோலை அகற்ற நாள் குறித்தார்.