எட்டாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு போன்

நான் அன்று போன் செய்திருக்கக் கூடாது. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறையாவது மாற்றிச் சொல்வேன் என்று தெரியும், ஆனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மான்செஸ்டரில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவு. எனக்குக் கீழே நான்கு பேர், அதில் இளையவர் அவர்தான். போல்ட்டன் பக்கத்து ஆள், சுத்தமான ஆங்கிலேயர், ஆனாலும் மனதுக்குள் நான் அவரைத் தம்பி என்றுதான் நினைத்துக்கொள்வேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேஸ்லிப் கவர்களின் பின்பக்கத்தில் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது ஒரு கவரை என் பக்கம் திருப்பி வைத்தார். 25, 50, 75, 100, 3, 6. இதிலிருந்து 952 வர வேண்டும். நான் சின்ன வயதில் 16-ம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தவர்களில் ஒருத்தி, ஐந்து நிமிடம் முட்டி மோதினேன், வரவில்லை. அவர் எழுதிக் காட்டினார். 100-உம் 6-உம் சேர்த்து 106. அதை மூன்றால் பெருக்கி 318. அதை 75-ஆல் பெருக்கினால் 23,850. ஐம்பதைக் கழித்தால் 23,800. 25-ஆல் வகுத்தால் 952. 1997-ல் கவுண்ட்டவுன் மேடையில் ஒரு போட்டியாளர் இதை 30 நொடியில் போட்டாராம். அதைச் சொல்லும்போது தம்பியின் முகத்தில் இருந்த பக்தியை நான் வேறு எதைப் பேசும்போதும் பார்த்ததில்லை.

இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு கவுண்ட்டவுனை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 தொடங்கியபோது முதன்முதலில் ஒளிபரப்பான நிகழ்ச்சி அதுதான், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்தது, இன்றும் ஓடுகிறது. ஒன்பது எழுத்து தருவார்கள், 30 நொடிக்குள் இருப்பதிலேயே நீளமான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு எண் தருவார்கள், ஒரு மூன்று இலக்க இலக்கைத் தொட வேண்டும். கடைசியில் கன்னன்ட்ரம், கலைத்துப்போட்ட ஒன்பது எழுத்துச் சொல், யார் முதலில் பொத்தானை அழுத்திச் சரியாகச் சொல்கிறாரோ அவருக்கு 10 புள்ளி. கோடிகள் எதுவும் கிடையாது, கடிகாரம் வரைந்த ஒரு டீபாட் கிடைக்கும். ஆனால் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தால் 'ஆக்டோசாம்ப்'. அந்தப் பெயருக்காக வருடக்கணக்கில் பயிற்சி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி அப்படி ஒருவர்.

அவருக்கு அழைப்பு வந்தது ஒரு மாதக் கடைசி வாரத்தில். செவ்வாய்க்கிழமை பதிவு, ஜெயித்தால் புதன்கிழமையும் போக வேண்டும், ஒரே நாளில் ஐந்து ஆட்டம் எடுத்துவிடுவார்கள். எங்களுக்குப் புதன்கிழமை மாலைக்குள் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை 200 பேருக்குச் சம்பளம் ஏறாது. அந்த வாரத்தில் யாருக்கும் லீவு கொடுப்பதில்லை. நான் கொடுத்தேன். மேலே இருப்பவரிடம் நானே பேசி வாங்கிக் கொடுத்தேன். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. "ரொம்ப அவசரம் என்றால் மட்டும் போன் செய்வேன்" என்றேன். "தாராளமாகச் செய்யுங்கள்" என்றார். மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, தோளில் பெரிய பையோடு போனார். பை நிறையச் சட்டைகள். ஒரே நாளில் எடுப்பதை ஐந்து நாளாகக் காட்டுவதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சட்டை மாற்ற வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஆட்டத்தில் உள்ளே போய் மூன்றும் ஜெயித்துவிட்டார். இரவு ஒரே ஒரு வரி செய்தி: "நாளையும் வர முடியாது, மன்னிக்கவும்." படித்ததும் நான் சமையலறையில் தனியாகக் கை தட்டினேன்.

புதன்கிழமை நான்கு மணி வாக்கில் கணக்கு இடித்தது. கிடங்கின் இரவு ஷிஃப்ட் ஓவர்டைம், ஒரே ஆளுக்கு, ஒரே தொகை, இரண்டு வரிகளில். இரண்டு முறை ஏறிவிட்டதா, இல்லை இரண்டும் சரிதானா? ஒன்றை எடுத்துவிட்டு, அது தவறாக இருந்தால் அந்த மனிதருக்கு வெள்ளிக்கிழமை சம்பளம் குறையும். விட்டுவிட்டால் கூடுதலாகப் போகும், அப்புறம் பிடித்தம், கடிதம், சண்டை. மணியைப் பார்த்தேன், போனை எடுத்தேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"பேசலாமா?"

"பேசலாம். சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடைசிச் சட்டை, பச்சை."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். கடைசிச் சட்டை என்றால் அன்றைய ஐந்தாவது ஆட்டம், அதாவது நான்கையும் ஜெயித்துவிட்டார், எட்டாவதற்குள் போகப்போகிறார். மூன்றும் ஐந்தும் எட்டு, சம்பளப் பிரிவில் இருக்கும் எனக்கு இந்தக் கூட்டல் அப்போது ஏறவில்லை. "நல்லா பண்ணுங்க" என்றுகூடச் சொல்லாமல் நேராக ஓவர்டைமுக்குப் போனேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆளா? அது ரெண்டு தடவை வரலாம், தப்பில்லை. ஒன்று போன மாதப் பாக்கி. தொகை தற்செயலாக ஒன்றாக இருக்கிறது" என்றார். நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன், அவை அவசரமே இல்லை. மொத்தம் 3 நிமிடம் 40 நொடி. போனில் பதிவாகியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

கோப்பு ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது, 200 பேருக்கும் வெள்ளிக்கிழமை பணம் ஏறியது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை, இன்றும்கூட.

வியாழக்கிழமை தம்பி வந்தார், எப்போதும் போல உட்கார்ந்தார். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பதால் யாரும் கேட்கவில்லை. வாரக்கணக்கில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சந்தோஷமாக இருப்பதுபோலத் தெரியும், மறுநாள் ஒன்றும் தெரியாது.

அப்புறம் டிவியில் வந்தது. தினமும் வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஊதாச் சட்டை, கோடு போட்டது, சாம்பல் நிறம், ஒவ்வொன்றிலும் ஜெயித்தார். இரண்டாவது வெள்ளிக்கிழமை பச்சைச் சட்டை.

எதிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, நன்றாகவே ஆடினார். தம்பியும் நன்றாகத்தான் ஆடினார். நடுவில் ஒன்பது எழுத்தையும் வைத்து ஒரு சொல் சொன்னார், 18 புள்ளி, அரங்கம் கை தட்டியது. இதை நான் எனக்குள் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? என் போன் அவரைக் கலைத்திருந்தால் அந்தச் சொல் எப்படி வந்திருக்கும்? பதின்மூன்று சுற்று முடியும்போது 12 புள்ளி முன்னிலை. மீதி ஒரு எண் சுற்று, ஒரு கன்னன்ட்ரம்.

எண்கள்: 75, 9, 8, 6, 3, 2. இலக்கு 698.

கடிகாரம் நின்றதும் "698" என்றார். 75-ஐ ஒன்பதால் பெருக்கி 675. எட்டை மூன்றால் பெருக்கி 24, சேர்த்தால் 699. அப்புறம் மூன்றிலிருந்து இரண்டைக் கழித்து ஒன்று, அந்த ஒன்றை... அங்கேயே நிறுத்திவிட்டார். மூன்றை இரண்டு முறை எடுத்திருக்கிறார். அட்டையில் மூன்று ஒன்றுதான் இருக்கிறது. அவருக்கே தெரிந்துவிட்டது, "மன்னிக்கவும்" என்றார். அந்த அம்மா 697 வைத்திருந்தார், ஒன்று குறைவு, அதனால் ஏழு புள்ளி அவருக்கு. முன்னிலை ஐந்தாகச் சுருங்கியது. கன்னன்ட்ரத்தில் அந்த அம்மா நான்கு நொடிக்குள் பொத்தானை அழுத்திவிட்டார். ஐந்து புள்ளியில் தோல்வி. அந்த 698 சரியாக வந்திருந்தால் முன்னிலை 22 ஆகியிருக்கும், கன்னன்ட்ரம் வெறும் சம்பிரதாயம்.

அது ரெண்டு தடவை வரலாம், தப்பில்லை. அதே வாய், ஒரு மணி நேரத்துக்கு முன்னால், என்னிடம் சொன்னது.

நான் கற்பனை செய்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரே எண்ணை இரண்டு முறை எடுப்பது அந்த மேடையில் அடிக்கடி நடக்கிற தவறுதான், பெரிய ஆட்டக்காரர்களே செய்திருக்கிறார்கள். ஒரே நாளில் ஐந்தாவது ஆட்டம், விளக்குச் சூடு, களைப்பு, எட்டு என்ற எண்ணின் பாரம். காரணங்களுக்கா பஞ்சம். சில நாள் இதை முழுமனதாக நம்புகிறேன்.

நம்ப முடியாத நாட்களில் அந்த மூன்று பக்கக் குறிப்பு நினைவுக்கு வருகிறது. போன் செய்த அன்று நான் முதல் பக்கத்தைத்தான் படித்திருந்தேன். ஆட்டம் ஒளிபரப்பானதற்கு அடுத்த திங்கள்கிழமை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி: அந்த ஆளின் பெயர், "ஓவர்டைம் இரண்டு வரி, இரண்டும் சரி, ஒன்று பாக்கி." நான் தேடுவேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போனபோது, கேக் வெட்டிய பிறகு, தனியாக இருந்த ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டேன். "அன்று என் போன் உங்கள் ஆட்டத்தைக் கெடுத்ததா?"

"எந்த போன்?" என்றார்.

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நிஜமாகவே மறந்திருந்தால் நான் இத்தனை நாள் சுமந்ததற்கு அர்த்தமே இல்லை. ஆனால் அவர் பார்த்தேயிராத ஒரு ஆட்டத்தின் 23,850-ஐ நினைவில் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவரா மறப்பார்? எனக்காக மறந்தார் என்றால், அது மன்னிப்பா, இல்லை "இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்பதா? நான் மேலே கேட்கவில்லை. ஏழு வெற்றியோடு இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்களும் உண்டு, அந்த சீசனில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு லீவில் இருப்பவர்களுக்கு நான் போன் செய்வதில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. செய்திருக்கிறேன், இரண்டு முறை. இரண்டு முறையும் குறிப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் செய்தேன், இரண்டு முறையும் அவசியம் இருந்தது.

698-க்கு இன்னொரு வழி இருக்கிறது. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. 75-உம் மூன்றும் 78. அதை ஒன்பதால் பெருக்கினால் 702. எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு. கழித்தால் 698. ஆறு தேவையே இல்லை. எவ்வளவு அழகான வழி, அவர் கண்ணில் படாமல் போகவே கூடாத வழி. அனுப்பலாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஒரு நேரம், பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றுகிறது. இன்னொரு நேரம், அவர் நிஜமாகவே மறந்துவிட்டிருந்தால் அந்தச் சட்டையை நான்தான் மறுபடி எடுத்துக் கொடுக்கிறேன் என்று தோன்றுகிறது.