கூட்டத்தோடு கோவிந்தா

அப்ரைசல் முடிந்து பத்து நாள் ஆகிறது. அதில் வந்த ஒரு வரி இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

மேனேஜர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வேலை, தரம், நேரத்துக்கு முடிப்பது, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நான்கு. 'டீம் வொர்க்' என்ற கட்டத்தில் மட்டும் இரண்டு. பக்கத்தில், மாற்றுக் கருத்தைச் சொல்லும் முறையில் முன்னேற்றம் தேவை என்று ஒரு குறிப்பு. நான் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டேன். "நீங்க சொன்னது எல்லாம் சரிதான், சொல்ற விதம்தான்..." என்று இழுத்தார். சரி, எப்படிச் சொல்லியிருக்கணும்? "பாருங்க, இப்பவும் கேள்விதான் கேக்கறீங்க."

விஷயம் இதுதான். மார்ச்சில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி. சொதப்பினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதற்கான ரோல்பேக் ஸ்கிரிப்ட்டை எழுதி வைத்திருந்தார்களே தவிர ஒருவரும் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. இது டீமில் எல்லோருக்கும் தெரியும். அன்று மதியம் இரண்டு பேர் தனித்தனியாக எனக்கு மெசேஜ் போட்டார்கள், "நீயே கேட்டுடு மச்சி, நீ கேட்டாதான் எடுபடும்" என்று. நானும் பெருமையாகக் கேட்டேன், கிளையன்ட் ஆட்களும் இருந்த கான்ஃபரன்ஸ் காலில். பதினாலு பேர், பதினாலு மியூட். கால் முடிந்ததும் அந்த இரண்டு பேரிடமிருந்தும் தனியாக ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது. காலில் வாய் திறந்து "ஆமா, எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது டீமின் கேள்வி, சொல்லாததால் அது என் குணம்.

ரிலீஸ் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அழகாகப் போயிற்று. அதுதான் பிரச்சினையே, இப்போது நான் தேவையில்லாமல் பீதி கிளப்பியவன்.

'ஒன்றும் ஆகவில்லை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நாசாவின் சேலஞ்சர் விண்கலம்தான் ஞாபகம் வரும். (ஒப்பிடுவது ஓவர்தான், எங்கள் ரிலீஸால் யாரும் சாகப்போவதில்லை.) பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரிபட்டிருந்தன, ஆனாலும் விண்கலம் பத்திரமாகத் திரும்பியதால் அரிப்பே பழகிப்போய்விட்டது. 1986 ஜனவரி 27 ராத்திரி, குளிரில் ரப்பர் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவாதீர்கள் என்று அந்த பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தையக்கால் கம்பெனியின் எஞ்சினியர்கள் நாசாவிடம் போனில் சொன்னார்கள். நாசா தரப்புக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்டு, அரை மணி நேரம் பேசினார்கள். அந்த எஞ்சினியர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜாலி போட்டோக்களை மேஜையில் வைத்து மன்றாடினார். எஞ்சினியரிங் தலைவரைப் பார்த்து அவருக்கு மேலே இருந்தவர், எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். கடைசியில் நான்கு மேலாளர்கள் மட்டும், ஏவலாம் என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் கிளம்பி 73 விநாடியில் விண்கலம் சிதறியது, ஏழு உயிர்.

எனக்கு அதைவிட உறுத்துவது அப்புறம் நடந்தது. அதே கம்பெனியின் ஆளாக ஏவுதளத்தில் இருந்துகொண்டு, ஏவச் சம்மதித்துக் கையெழுத்துப் போட மறுத்த ஆலன் மெக்டொனால்ட், விசாரணைக் கமிஷனில் உண்மையைச் சொன்னதும் பதவி இறக்கப்பட்டார், அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகுதான் மீண்டார். பாய்ஜாலியைச் சக ஊழியர்களே ஒதுக்கினார்கள். அவர் சொன்னது சரி என்று ஊருக்கே தெரிந்த பிறகும்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். என் மேனேஜர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே இல்லை. பெல் கர்வ் என்று ஒன்று இருக்கிறதே, எட்டுப் பேரும் ஒழுங்காக வேலை செய்தாலும் ஒருவனைக் கீழே தள்ளியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட்டே 2013-ல் இதைத் தூக்கிப் போட்டுவிட்டது, இங்கே இன்னும் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். தள்ளுவதற்குக் காரணம் எழுத வேண்டுமே, வாயைத் திறந்தவனுக்கு எழுதுவது சுலபம். 2016-லேயே ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது, ஆனால் டீக்கடையில்கூட அந்த வார்த்தையை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

அம்மாவிடம் புலம்பினேன். "கூட்டத்தோட கோவிந்தா போட்டுட்டுப் போயேன்டா, ஈஎம்ஐ இருக்குல்ல" என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வளர்த்த அதே அம்மா.

நேற்று அடுத்த ரிலீஸுக்கான கால். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் மேனேஜர். நான் மியூட்டை எடுக்கவில்லை. உடனே மெசேஜ் வந்தது, "மச்சி, ரோல்பேக் பத்தி நீ கேக்கலையா?" நீ கேளேன் என்று பதில் போட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

ரிலீஸ் நாளை மறுநாள். இந்தத் தடவையும் ஸ்கிரிப்ட்டை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன், யாரிடமும் சொல்லாமல்.