பாட்டா ஊரும் நிலக்கரி வாய்க்காலும்

எங்கட பக்கம் பள்ளிக்கூடச் சப்பாத்து எண்டா பாட்டா தான், அம்மம்மாவைக் கேட்டா அது கொழும்புக் கொம்பனி எண்டுவா, மாமா இந்தியாக்காரன்ர எண்டுவார், செக் நாட்டில 1894இல தொமாஷ் பாட்டா எண்டவர் தன்ர அண்ணா அக்காவோட சேர்ந்து தொடங்கினது எண்டு சொன்னா ரெண்டு பேரும் நம்பமாட்டினம்.

அவை தொடங்கின ஊர் ஸ்லீன். நான் பாத்தது அதுக்குப் பக்கத்தில மொராவா ஆத்தங்கரையில இருக்கிற ஒத்ரோகோவிட்ஸே எண்ட சின்ன ரவுண், வியன்னாவில இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணா தான் காரில கூட்டிக்கொண்டு போனவர். பெரிய வடிவான ஊர் எண்டு பொய் சொல்லமாட்டன். முந்தி வெள்ளம் நிக்கிற சதுப்பு நிலமாம், பக்கத்து மலை மண்ணைத் தண்ணி பீச்சிக் கரைச்சுக் கொண்டு வந்து நிரப்பி, அதுக்கு மேல தான் பக்டரி, வேலைக்காரருக்கு வீடு, பிளேன் இறங்க இடம் எல்லாம் கட்டியிருக்கினம். தோல் பதனிட எக்கச்சக்கத் தண்ணி வேணும், அதுக்கு ஆறு இருந்தது. அந்தப் பிளேன் இறங்கிற இடத்தில இருந்து 1932 ஜூலை 12 விடியக் காலமை புகாருக்குள்ள கிளம்பித் தான் தொமாஷ் பாட்டா விழுந்து செத்தவர்.

எனக்குப் பிடிச்சது வாய்க்கால் தான். பக்டரிக்குக் கரண்ட் எடுக்கப் பழுப்பு நிலக்கரி வேணும், சுரங்கம் தெற்கால கிடக்கு, நிலக்கரியை வள்ளத்தில கொண்டுவர எண்டு 1934இல தொடங்கி 1938க்குள்ள 50 கிலோமீற்றருக்கு மேல வெட்டி முடிச்சிட்டினம், சில இடத்தில ஆத்தையே பாவிச்சு, சில இடத்தில புதுசா வெட்டி, பக்கத்து வயலுக்கும் தண்ணி விட்டு! நாலு வருசம் தான் பாருங்கோ, இஞ்ச ஒரு ஒழுங்கைக்குத் தார் போடவே எவ்வளவு இழுபடுது.

இப்ப நிலக்கரி வள்ளம் ஒண்டும் இல்லை, சனம் குடும்பம் குடும்பமா வாடகைப் போட் எடுத்துக்கொண்டு போகினம், சின்னப் போட் ஓட்ட லைசென்சும் தேவையில்லை. அண்ணா ஒரே படமெடுத்துக்கொண்டு நிண்டார், எனக்கு காங்கேசன்துறை தான் ஞாபகம் வந்தது. 1950இல வந்த சீமெந்து பக்டரி, 1990இல யுத்தத்தால மூடினது, சுண்ணாம்புக்கல் தோண்டின கிடங்குகள் மட்டும் தண்ணி நிறைஞ்சு கிடக்கு. அவங்களுக்கும் யுத்தம் வந்தது தான், 1945இல பாட்டா கொம்பனியை அரசாங்கம் எடுத்தது, 1997இல மொராவா பெருகி ஊரே தாண்டது, ஆனா வாய்க்காலை ஆரோ திரும்பத் துப்பரவாக்கியிருக்கினம். ஆலைக்கு வெட்டின ஒண்டை ஆலை போன பிறகும் சனம் பாவிக்கலாம் எண்டு அங்க விளங்கியிருக்கு, எங்கட கிடங்குகளுக்குக் கிட்ட ஒழுங்கான வேலி கூட இல்லை.

அங்க இப்ப பெரிய வேலை ரயர் பக்டரியில தான், சப்பாத்து வேண்ட ஸ்லீனுக்குத் தான் போகவேணும், நாங்கள் போகேல்லை, அண்ணாவுக்குப் பசி.